சோற்றை விட்டால் உடம்பு இளைக்குமா?

சென்னையிலிருந்து வடக்கே கும்மிடிப்பூண்டியைத் தாண்டிச் சென்றால் எளாவூர். கல்கத்தா நெடுஞ்சாலை ஊரைத் தொட்டுக் கொண்டு ஓடுகிறது. ரெயில் நிலையமும் உண்டு. இன்னும் கொஞ்சம் போனால் ஆரம்பாக்கம். அதற்கு அப்பால் ஆந்திரம். நெடுஞ்சாலையில் உள்ள சோதனைச் சாவடியை அறியாத லாரி டிரைவர் கிடையாது.

பொழுது புலரும் நேரம். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டைக்குப் போகும் கம்பெனி பஸ்ஸுக்காகப் பெண்கள் காத்து நிற்கிறார்கள். எல்லோர் கையிலும் சாப்பாட்டுப் பை. அவர்களில் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். வயது 38. இரண்டு குழந்தைகளின் தாய். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக் கொண்டார்.

"பையிலே என்ன அக்கா, சாம்பார் சாதமா?" என்றேன்.

அவர் சிரித்தார். "சோத்தை விட்டுட்டேன் மேடம். நாலு பிஸ்கட்டும் ஒரு ஆப்பிளும்தான் இருக்குது."

"ஏன்?"

"எடை எழுபத்தெட்டு கிலோ. படி ஏறினா மூச்சு வாங்குது. சோறுதான் காரணம், நிறுத்துன்னு எல்லாரும் சொன்னாங்க. போன வருஷம் நிறுத்தினேன். மூணு மாசத்திலே ஆறு கிலோ இறங்கிச்சு. அப்புறம் தலை சுத்தல். மெஷின் முன்னாலே நிக்க முடியலே. மறுபடியும் சாப்பிட ஆரம்பிச்சேன். இறங்கின ஆறும் ஏறி, கூட ரெண்டும் ஏறிடுச்சு. இப்போ ரெண்டாம் தடவையா நிறுத்தியிருக்கேன்."

பஸ் வந்து விட்டது. படியில் கால் வைத்தவர் திரும்பிப் பார்த்து, "நான் செய்யறது சரிதானா மேடம்?" என்று கேட்டு விட்டு ஏறிக் கொண்டார்.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் போனேன். கிடைத்த பதிலைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

பத்தில் நாலு பேர்

இது ஓர் எளாவூர்ப் பெண்ணின் கவலை மட்டும் அல்ல. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 40.4 சதவிகிதம் பேர் அளவுக்கு மீறிய எடை உள்ளவர்கள். அதற்கு முந்தைய ஆய்வில் இது 30.9 சதவிகிதமாக இருந்தது.

இதே ஆய்வில் இன்னொரு புள்ளியும் இருக்கிறது. தமிழ்நாட்டுப் பெண்களில் 53.4 சதவிகிதம் பேருக்கு ரத்த சோகை!

இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். உடம்பு பருத்திருக்கிறது, ஆனால் ரத்தத்தில் சத்து இல்லை. வயிறு நிறைகிறது, ஆனால் உடம்புக்கு வேண்டியது கிடைக்கவில்லை. ஒரே பெண்ணிடம் இரண்டும் இருக்கக் கூடும். இப்படிப்பட்டவரிடம் "சாப்பிடாதே" என்று சொல்வது சரியான வைத்தியம் ஆகுமா?

எண் பிறந்த கதை

சோற்றைப் பற்றிப் பேசும் டாக்டர்கள் இப்போது "கிளைசெமிக் இண்டெக்ஸ்" என்று ஒரு வார்த்தையைச் சொல்கிறார்கள். நாம் அதைச் "சர்க்கரை ஏற்ற எண்" என்று வைத்துக் கொள்வோம்.

1981-ம் ஆண்டில் இந்த எண்ணைக் கொண்டு வந்தவர், கனடாவில் டொரான்டோ நகரில் ஆராய்ச்சி செய்த டேவிட் ஜென்கின்ஸ் என்ற டாக்டர். அவரும் அவருடைய குழுவினரும் 62 வகை உணவுகளைத் தொண்டர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒவ்வொரு உணவையும் சாப்பிட்ட பிறகு ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு ஏறுகிறது, எத்தனை நேரம் நிற்கிறது என்று கணக்கு எடுத்தார்கள். சுத்தமான குளுக்கோஸுக்கு 100 மதிப்பெண். மற்ற உணவுகளுக்கு அதை வைத்து மதிப்பெண்.

55-ம் அதற்குக் கீழும் இருந்தால் குறைந்த எண். 56 முதல் 69 வரை நடுத்தரம். 70-ம் அதற்கு மேலும் உயர்ந்த எண்.

எண் உயர்ந்திருந்தால் என்ன கெடுதல்? சாப்பிட்டதும் ரத்தத்தில் சர்க்கரை சரசரவென்று ஏறும். அதை இறக்க, கணையம் இன்சுலினை அள்ளிக் கொட்டும். இன்சுலின் அதிகமாக இருக்கும் நேரத்தில் உடம்பு கொழுப்பைச் சேமிக்குமே தவிர, இருக்கும் கொழுப்பைச் செலவழிக்காது. ஏறிய சர்க்கரை மளமளவென்று இறங்கும்போது சிலருக்கு மறுபடியும் பசிக்கும். கை பிஸ்கட் டப்பாவைத் தேடும்.

ஆகவே, எண் குறைந்த உணவைச் சாப்பிட்டால் உடம்பு இளைக்க வேண்டும் அல்லவா? கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. உண்மை என்ன என்பதைப் பிறகு பார்ப்போம். முதலில் நம் வீட்டு அரிசியின் எண்ணைப் பார்த்து விடுவோம்.

பொன்னிக்கு என்ன மதிப்பெண்?

இந்தக் கணக்கை நமக்காகப் போட்டுக் கொடுத்தவர்கள் வெளிநாட்டார் அல்ல. சென்னையில் டாக்டர் வி. மோகன் தலைமையில் நடக்கும் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனத்தார்தான்.

2012-ல் அவர்கள் வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, பொன்னி அரிசிச் சோற்றின் எண் 70. சோனா மசூரி 72. சுர்தி கோலம் 77. மூன்றுமே உயர்ந்த எண்கள்.

அரிசி என்றாலே இப்படித்தானா? இல்லை. பாபட்லா புழுங்கல் அரிசியை எடுத்து அவர்கள் இன்னொரு பரிசோதனை செய்தார்கள். 2017-ல் அதன் முடிவு வந்தது. தவிடு நீக்காத அரிசிக்கு எண் சுமார் 58. அதே அரிசியைக் கொஞ்சமே கொஞ்சம் தீட்டியதும் 73. வெள்ளை வெளேரென்று தீட்டியதும் ஏறக்குறைய 80!

வயல் ஒன்று, நெல் ஒன்று. மில்லில் நடந்ததுதான் வித்தியாசம்.

இது ஏன் என்று எளாவூர்க்காரர்களுக்கு விளக்குவது சுலபம். சாலையில் சோதனைச் சாவடி இருக்கிறதே, அதை நினைத்துக் கொள்ளுங்கள். சாவடி இருந்தால் லாரிகள் ஒவ்வொன்றாக நின்று நின்று வரும். சாவடியை எடுத்து விட்டால் அத்தனை லாரிகளும் ஒரே நேரத்தில் ஊருக்குள் பாயும். தவிடும் நார்ச் சத்தும்தான் அரிசியின் சோதனைச் சாவடி. மில்லில் அதை எடுத்து விடுகிறோம். மாவுச் சத்து ஒரே பாய்ச்சலாக ரத்தத்தில் இறங்குகிறது.

அதே நிறுவனத்தார் 2014-ல் இன்னொரு சோதனையை வெளியிட்டார்கள். பருமனான 15 பேர். ஐந்து நாள் வெள்ளை அரிசி, ஐந்து நாள் தவிடு நீக்காத அரிசி, ஐந்து நாள் தவிடு நீக்காத அரிசியுடன் பயறு வகை. இரவு பகலாகச் சர்க்கரையை அளக்கும் கருவியை உடம்பில் பொருத்திப் பார்த்தார்கள். தவிட்டு அரிசி சாப்பிட்ட நாட்களில் சர்க்கரை ஏற்றம் ஏறக்குறைய 20 சதவிகிதம் குறைந்திருந்தது. பயறும் சேர்ந்தபோது 23 சதவிகிதம் குறைந்தது. காலையில் வெறும் வயிற்றில் இருந்த இன்சுலின் பாதிக்கு மேல் குறைந்து விட்டது.

தவிட்டு அரிசியை நம் வீடுகளில் விரும்புவதில்லை. நிறம் பிடிப்பதில்லை, வேக நேரமாகிறது. அதனால் ஏ.டி.டி. 43 என்ற ரகத்திலிருந்து, வெள்ளையாகவே இருந்தும் நார்ச் சத்து கூடுதலான ஓர் அரிசியை உருவாக்கினார்கள். 2016-ல் வெளியான கணக்குப்படி அதன் எண் 61. சாதாரண வெள்ளை அரிசிக்கு அதே சோதனையில் 79.

குன்னூர் எலிகள் சொன்னது

தீட்டிய அரிசியைப் பற்றிய இந்த எச்சரிக்கை புதிது என்று நினைக்க வேண்டாம். நீலகிரியில் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் 1918-ல் ஒரே ஓர் அறையில் உணவு ஆராய்ச்சி தொடங்கியது. நடத்தியவர் ராபர்ட் மெக்காரிசன் என்ற டாக்டர். இந்தியாவின் பல பகுதி மக்கள் சாப்பிடும் சாப்பாட்டை அப்படியே தயாரித்து, எலிக் கூட்டங்களுக்குக் கொடுத்து வளர்த்தார்.

கோதுமை ரொட்டி, பருப்பு, காய்கறி, பால், வெண்ணெய் என்று சீக்கியர் சாப்பாட்டைத் தின்ற எலிகள் கொழுகொழுவென்று வளர்ந்தன. அரிசியே பிரதானமாக உள்ள மதராஸ் சாப்பாட்டைத் தின்ற எலிகள் வளர்ச்சியில் பின்தங்கின, நோயிலும் விழுந்தன.

எலிகளைக் கெடுத்தது அரிசி மட்டும் அல்ல. அரிசியைச் சுற்றி வேறு ஒன்றும் போதிய அளவில் இல்லாததும் காரணம். பாலும் பருப்பும் காய்கறியும் தட்டில் குறைந்தன. நூறு ஆண்டு ஆகியும் நம் தட்டு அதிகம் மாறவில்லை. சென்னை நகரவாசிகள் 2,042 பேரைப் பற்றி 2009-ல் வெளியான ஆய்வில், அவர்களுடைய கலோரியில் ஏறக்குறைய பாதி, அதாவது 46.9 சதவிகிதம், தீட்டிய தானியத்திலிருந்து வந்தது. அதில் முக்கால் பங்கு வெள்ளை அரிசி.

குன்னூர் ஆராய்ச்சி நிலையம் 1958-ல் ஐதராபாத்துக்கு மாறியது. அதுதான் இன்றைய தேசிய உணவூட்ட நிறுவனம். அது சொல்லும் யோசனையைக் கடைசியில் பார்ப்போம்.

எடை குறைகிறதா?

இப்போது முக்கியமான கேள்விக்கு வருவோம். சர்க்கரை ஏற்ற எண் குறைந்த உணவைச் சாப்பிட்டால் பருமனான பெண்களின் எடை குறையுமா?

2006-ல் ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரில் 129 பேரை வைத்து 12 வாரம் நடந்த சோதனையின் முடிவு வந்தது. எண் உயர்ந்த மாவுச் சத்தைச் சாப்பிட்ட பெண்களைவிட, எண் குறைந்த மாவுச் சத்தைச் சாப்பிட்ட பெண்களின் உடம்பிலிருந்து கரைந்த கொழுப்பு சுமார் 80 சதவிகிதம் அதிகம். ஆராய்ச்சியாளர்களுக்கு ஏக உற்சாகம்!

அடுத்த ஆண்டே பிரேசில் நாட்டிலிருந்து வேறு செய்தி வந்தது. அங்கே 203 பெண்களை 12 வாரம் அல்ல, 18 மாதம் கவனித்தார்கள். முதல் இரண்டு மாதத்தில் எண் குறைந்த உணவுக்குச் சிறிது வெற்றி. ஓராண்டு கழிந்ததும் இரு தரப்பாருக்கும் எடை திரும்ப ஏறத் தொடங்கியது. 18-வது மாதத்தில் சொல்லிக் கொள்ளும்படியான வித்தியாசம் இல்லை!

உலகம் முழுவதும் நடக்கும் மருத்துவச் சோதனைகளைச் சேர்த்து அலசித் தீர்ப்புச் சொல்லும் அமைப்பு ஒன்று உண்டு. காக்ரேன் என்று பெயர். 2007-ல் அந்த அமைப்பு, எண் குறைந்த உணவு சாப்பிட்டவர்கள் சுமார் ஒரு கிலோ கூடுதலாக இளைத்தார்கள் என்று கூறியது. அப்போது கையில் இருந்தவை ஆறு சிறிய சோதனைகள். 2023-ல் பத்துச் சோதனைகளை, 1,210 பேரின் கணக்கை வைத்துக் கொண்டு மறுபடியும் பார்த்தது. எடையில் வித்தியாசம் அநேகமாக ஒன்றும் இல்லை என்பதே அதன் புதிய தீர்ப்பு.

ஆகவே வாசகர்களே, "இந்த அரிசியை வாங்குங்கள், பத்து கிலோ இளைக்கலாம்" என்று யாராவது விளம்பரம் செய்தால் நம்ப வேண்டாம். பையில் அச்சிட்ட எண் கொழுப்பைக் கரைக்காது.

அப்படியானால் இந்த எண்ணால் பயனே இல்லையா? இருக்கிறது. அதைப் பார்க்கத் தராசு மட்டும் போதாது.

இரண்டு டாக்டர்கள், ஒரே எடை

2004-ல் "லான்செட்" என்ற மருத்துவப் பத்திரிகையில் ஒரு புகைப்படம் வெளிவந்தது. இரண்டு டாக்டர்கள் அருகருகே நிற்கிறார்கள். ஒருவர் லண்டனைச் சேர்ந்த ஜான் யுட்கின். மற்றவர் புனாவைச் சேர்ந்த யாக்னிக். இருவருக்கும் உயரத்துக்கு ஏற்ற எடைக் கணக்கு ஒன்றே: 22.3. பார்ப்பதற்கும் இருவரும் ஒல்லிதான்.

ஆனால் உடம்பின் உள்ளே? வெள்ளைக்கார டாக்டர் உடம்பில் கொழுப்பு 9.1 சதவிகிதம். இந்திய டாக்டர் உடம்பில் 21.2 சதவிகிதம்! இரண்டு மடங்குக்கு மேல்!

நம்மவர் உடம்பின் வாகு இது. தசை குறைவு, கொழுப்பு அதிகம். அந்தக் கொழுப்பும் வயிற்றைச் சுற்றியே தங்கும். அதனால்தான் இந்தியப் பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டரைத் தாண்டினாலே ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்கிறார்கள் டாக்டர்கள்.

தராசு எலும்பு, தசை, நீர், கொழுப்பு எல்லாவற்றையும் கூட்டி ஒரே தொகையாகச் சொல்கிறது. எது கூடியது, எது குறைந்தது என்று சொல்வதில்லை.

எளாவூர்ப் பெண்மணிக்கு என்ன நடந்திருக்கும் என்று இப்போது ஊகிக்கலாம். பட்டினி கிடந்து எடையைக் குறைத்தால், குறைவதில் ஏறக்குறைய கால் பங்கு தசை முதலியவையாக இருக்கும் என்பது பொதுவான கணக்கு. புரதமும் இல்லாமல், உடற்பயிற்சியும் இல்லாமல் பட்டினி கிடந்தால் அது இன்னும் கூடலாம். திரும்பச் சாப்பிடும்போது ஏறுவது பெரும்பாலும் கொழுப்பு. எடை பழைய இடத்துக்கே வந்தாலும், உடம்பு பழைய உடம்பு அல்ல. இருந்த தசையில் ஒரு பகுதி போய், அந்த இடத்தில் கொழுப்பு வந்து உட்கார்ந்திருக்கும். ரத்தத்தில் உள்ள சர்க்கரையை வாங்கிச் செலவழிக்கும் பெரிய இயந்திரம் தசைதான். அது தேய்ந்தால் சர்க்கரை வியாதி வாசலில் வந்து நிற்கும்.

எண் குறைந்த உணவின் பயனும் இப்படித் தராசுக்குத் தெரியாத இடத்தில்தான் இருக்கிறது. சினைப்பையில் நீர்க்கட்டிக் கோளாறு உள்ள பெண்களைப் பற்றி 2010-ல் சிட்னியிலிருந்து வந்த ஆராய்ச்சி நல்ல உதாரணம். இரு பிரிவினரும் ஒரே அளவு எடை குறைத்தார்கள். ஆனால் மாதவிலக்கு ஒழுங்குக்கு வந்தவர்கள், எண் குறைந்த உணவு சாப்பிட்ட பிரிவில் 95 சதவிகிதம். மற்றப் பிரிவில் 63 சதவிகிதம். தராசு இரண்டு பிரிவையும் சமம் என்றது. உடம்பு அப்படிச் சொல்லவில்லை.

எண் மட்டும் போதாது

இன்னொரு விஷயம். எண் குறைந்தது எல்லாம் நல்லதும் அல்ல. கொழுப்பு நிறைந்த ஐஸ்கிரீமுக்குக் குறைந்த எண்தான். கொழுப்பு ஜீரணத்தைத் தாமதப்படுத்துவதால் வரும் பலன் அது. அதற்காக ஐஸ்கிரீமைப் பத்தியச் சாப்பாடு ஆக்க முடியுமா?

அளவும் முக்கியம். ஒரு தட்டில் 300 கிராம் சோறு இருந்தால் அதில் மாவுச் சத்து சுமார் 84 கிராம். எண் 72 என்றால், 84-ஐ 72-ஆல் பெருக்கி நூறால் வகுத்துப் பாருங்கள். 60 வருகிறது. இதைச் சர்க்கரைச் சுமை என்கிறார்கள். ஒரு வேளைக்கு 20-ஐத் தாண்டினாலே அதிகம். சோற்றைப் பாதியாக்கினால் சுமை 30 ஆகி விடும். விலை உயர்ந்த அரிசி வாங்காமலே சுமை பாதி இறங்கி விட்டது!

சாமை, தினை, வரகு முதலிய சிறுதானியங்களுக்கு இப்போது கிராக்கி. ஐதராபாத் அருகே உள்ள இக்ரிசாட் நிறுவனத்தார் தலைமையில் 2021-ல் வெளியான ஆய்வில் சிறுதானியங்களின் சராசரி எண் 52.7 என்று கண்டார்கள். நல்ல எண்தான். ஆனால் 2025-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் நாடு தழுவிய ஆய்வு ஓர் எச்சரிக்கை செய்கிறது. இந்தியரின் கலோரியில் 62 சதவிகிதம் மாவுச் சத்திலிருந்து வருகிறது. வெள்ளை அரிசியை விட்டுக் கோதுமை மாவுக்கோ சிறுதானிய மாவுக்கோ மாறினால் மட்டும் சர்க்கரை வியாதி அபாயம் குறைவதாகத் தெரியவில்லை. மாவுச் சத்தில் ஒரு பகுதியைக் குறைத்து அந்த இடத்தில் புரதத்தை வைத்தால்தான் அபாயம் குறைகிறது.

ராத்திரி ஐந்து சப்பாத்தி சாப்பிட்டு விட்டு, "நான் சோறே தொடுவதில்லை" என்று பெருமைப்படுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

தட்டில் என்ன வைப்பது?

ஐதராபாத் தேசிய உணவூட்ட நிறுவனம் 2024 மே மாதம் புதிய உணவு யோசனைகளை வெளியிட்டது. நாள் ஒன்றுக்கு 2,000 கலோரி தேவைப்படுகிறவருக்கு அது சொல்லும் அளவு: தானியம் 250 கிராம், காய்கறி 400 கிராம், பழம் 100 கிராம், பருப்பு, பயறு, முட்டை, மீன், இறைச்சி வகையில் 85 கிராம். தானியத்திலிருந்து வரும் கலோரி 45 சதவிகிதத்தைத் தாண்டக் கூடாது என்றும் சொல்கிறது.

இதை எளாவூர்ச் சமையலறைக்குக் கொண்டு வருவோம்.

சோற்றை அடியோடு விட வேண்டாம். இப்போது போடுவதில் பாதி போடுங்கள். காலியான இடத்தைச் சும்மா விடாதீர்கள். அங்கே கெட்டிப் பருப்போ, கொண்டைக்கடலை, காராமணி, பச்சைப் பயறுச் சுண்டலோ இருக்கட்டும். ஒரு கிண்ணம் சுண்டலில் 12 கிராம் அளவுக்குப் புரதம் கிடைக்கும். ஒரு முட்டையில் 6 கிராம். நூறு கிராம் மீனில் 20 கிராமுக்குச் சற்று முன்பின். 60 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு நாள் ஒன்றுக்கு 50 கிராம் புரதமாவது வேண்டும்.

பழவேற்காடு ஏரியும் கடலும் பக்கத்தில் இருக்கும் ஊர் இது. மத்தி மீனைப் போல மலிவான சத்து உணவு வேறு இல்லை. ஆனால் எண்ணெயில் பொரிக்காமல் குழம்பு வையுங்கள். கீரையும் முருங்கையும் கத்தரியும் தட்டில் பாதியை அடைக்கட்டும்.

சாப்பிடும் வரிசையிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. 2015-ல் நியூயார்க் நகரில் சர்க்கரை வியாதி உள்ள 11 பேருக்கு ஒரே சாப்பாட்டை இரண்டு விதமாகக் கொடுத்துப் பார்த்தார்கள். காய்கறியையும் இறைச்சியையும் முதலில் சாப்பிட்டு, மாவுச் சத்தைக் கடைசியில் சாப்பிட்டபோது, ஒரு மணி நேரம் கழித்துச் சர்க்கரை 37 சதவிகிதம் குறைவாக இருந்தது. நாமும் பொரியலையும் சுண்டலையும் முதலில் சாப்பிட்டு விட்டுப் பிறகு சோற்றுக்கு வரலாம். இதற்குக் காலணா செலவு கிடையாது.

இரவு ஷிப்டு பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இரவு நேரத்தில் சர்க்கரையைக் கையாளும் சக்தி உடம்புக்குக் குறைவு. ஆகவே பெரிய சாப்பாட்டை வேலைக்குக் கிளம்பும் முன்பே முடித்துக் கொண்டு, நடுநிசியில் சுண்டல், முட்டை, மோர் என்று சிறியதாக வைத்துக் கொள்வது நல்லது. பிஸ்கட்டும் இனிப்பு டீயும் வேண்டாம்.

தசையைக் காப்பாற்ற உடற்பயிற்சி வேண்டும். நடை நல்லது. அதோடு, நாற்காலியில் உட்கார்ந்து கையை ஊன்றாமல் எழுந்திருப்பதைப் பத்துத் தடவை, காலையும் மாலையும் செய்து பாருங்கள். தொடைத் தசைக்கு அது போல எளிய பயிற்சி இல்லை.

எடை பார்க்கும் இயந்திரத்தில் தினமும் ஏறி மனம் நோக வேண்டாம். தையற்காரரின் டேப் போதும். மாதம் ஒரு முறை இடுப்பை அளந்து குறித்து வையுங்கள். தராசு முள் நகராமலே இடுப்பு இரண்டு சென்டிமீட்டர் குறைந்திருந்தால், அது வெற்றிதான்.

ஒரு ஜாக்கிரதை. சர்க்கரை வியாதிக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக் கொள்பவர்கள், டாக்டரைக் கேட்காமல் சோற்றைத் திடீரென்று குறைக்கக் கூடாது. சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கி மயக்கம் வரலாம். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மார்களும் இளைக்கும் முயற்சியில் தாமாக இறங்கக் கூடாது. ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் வீட்டுக்கே வந்து பார்க்க, 2021-ல் அரசு தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டம் இருக்கிறது. ரத்த சோகையையும் சேர்த்துச் சோதித்துக் கொள்வது நல்லது.

மறுபடியும் எளாவூர்

இவ்வளவையும் எடுத்துக் கொண்டு அடுத்த வாரம் அதே பஸ் நிறுத்தத்துக்குப் போனேன். அந்த அக்கா இருந்தார். சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்டார். பிறகு ஒரு கேள்வி கேட்டார்.

"சுண்டலும் மீனும் எனக்குன்னு தனியா எடுத்து வைக்க முடியுமா மேடம்? அவருக்கும் பிள்ளைங்களுக்கும் மாமியாருக்கும் போட்ட பிறகு கடைசியா நான் உட்காருறேன். அப்போ பாத்திரத்திலே மிஞ்சி இருக்கிறது சோறும் ரசமும்தான்."

டொரான்டோவிலும் சிட்னியிலும் நடந்த எந்தச் சோதனையிலும் இந்த விவரம் இல்லை. ஆனால் நம் வீட்டில் பாதி நோய்க்குக் காரணம் இதுதான் என்று எனக்குத் தோன்றியது. ரேஷனில் அரிசி இலவசம். பருப்புக்கும் முட்டைக்கும் மீனுக்கும் காசு வேண்டும். காசு கொடுத்து வாங்கியது முதலில் மற்றவர்கள் தட்டுக்குப் போகிறது. இலவசமாக வந்தது கடைசியில் தாயின் தட்டில் குவிகிறது. பிறகு, "ஏன் இப்படிப் பருத்து விட்டாய்?" என்று அவளையே கேட்கிறோம்.

குடும்பத் தலைவர்களே! மாமியார்மார்களே! வீட்டுப் பெண் இளைக்க வேண்டும் என்று உண்மையாகவே விரும்புகிறீர்களா? அவளுக்கு என்று தனிச் சமையல் வேண்டாம். தனி அரிசியும் வேண்டாம். எல்லோர் தட்டிலும் சோற்றைக் கொஞ்சம் குறைத்து, எல்லோரும் ஒன்றாக உட்காருங்கள். பருப்பையும் மீனையும் சமமாகப் பங்கிடுங்கள். அவள் உடம்போடு உங்கள் உடம்பும் தேறும்.

அன்றைக்கும் பஸ் வந்து விட்டது. ஏறும் முன் அந்த அக்கா பையைத் திறந்து காட்டினார். பிஸ்கட் இல்லை. ஒரு சின்ன டப்பாவில் எலுமிச்சை சாதம். இன்னொரு டப்பாவில் அவித்த காராமணி.

"மறுபடியும் சோறு சாப்பிட ஆரம்பிச்சுட்டேன் மேடம்," என்றார். "தலை சுத்தல் நின்னு போச்சு."

எடை என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை.